அடகுச் சீட்டில் எழுதிய மழை

வெள்ளத்தையும் வரட்சியையும் விவசாயக் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்கும் படிவங்களை இலங்கையின் வடக்கே வன்னியில் வீடு வீடாகக் கொண்டு திரிந்தவன் நான். ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள் இருக்கும். சாப்பாட்டைக் குறைத்தீர்களா, மாடு ஆடு விற்றீர்களா, நகை அடகு வைத்தீர்களா, கடன் வாங்கினீர்களா, வீட்டில் யாராவது வெளியூருக்கு வேலைக்குப் போனார்களா? ஆம் என்றால் ஒரு சரி போட வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் இருக்கும் கிராமத்தில், இந்த ஆய்வில் வரும் அக்கா எல்லாக் கேள்வியையும் கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, எல்லாத்துக்கும் ஓம்தான். ஆனா ஒரே நாளில நடக்கேல்லையே. எது முதல், எது பிறகு எண்டு எழுத இடமில்லையோ?"

இடம் இருக்கவில்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு வெறும் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். பிறகு பல தடவை போனேன். இது அந்த ஒரு வீட்டின் பத்துக் காலபோகங்களின் (ஐப்பசி மழையோடு தொடங்கும் பெரிய நெற்போகம்) கதை, 2016/17 இல் இருந்து 2025/26 வரை. வீட்டாரின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

அக்காவிடம் பழைய பிஸ்கட் ரின் ஒன்று இருக்கிறது. அடகுச் சீட்டுகள், வட்டி கட்டிய பற்றுச்சீட்டுகள், நகை மீட்ட பற்றுச்சீட்டுகள் எல்லாம் அதற்குள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நீலப் பேனாவால் ஒன்றிரண்டு சொல்: "மழை இல்லை", "கிழமைக் கடன்", "சப்பி", "எண்ணெய்". அவருக்கு ஆண்டும் தேதியும் மறந்துபோகும், காரணம் மறக்கக்கூடாது என்பதற்காக எழுதி வைத்தவை. மழைமானி வைத்திருக்கிற அலுவலகங்களில் நான் எடுத்த பதிவுகளைவிட, இந்த வீட்டுக்கு மழை என்ன செய்தது என்பதை இந்த ரின்தான் எனக்குச் சொன்னது.

வீடும் வயலும்

குளத்தின் கீழே இரண்டு ஏக்கர் வயல். அதில் ஒரு ஏக்கர் வாய்க்காலை ஒட்டிய பள்ளம், மற்றது கொஞ்சம் மேடு. வீட்டோடு முக்கால் ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு கிணறு, ஒரு மண்ணெண்ணெய் பம்பி. காலபோகத்தில் வயலில் நெல், மேட்டில் உழுந்து. அப்புறம் கச்சான் (நிலக்கடலை), தண்ணீர் இருந்தால் கொஞ்சம் மிளகாய். அக்காவின் கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு காலில் போர்க்காலக் காயம், அதனால் உழவு எல்லாம் கூலிக்குத்தான். மகன் மேசன் வேலை. மகளுக்கு முதலில் பள்ளிக்கூடம், பிறகு கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை.

போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து 2010 இல் திரும்பி வந்தபோது குளக்கட்டு உடைந்து கிடந்தது, தண்ணீர் திறந்துவிடும் துருசு மண்ணுக்குள் புதைந்திருந்தது. கட்டைத் திருத்தும் வரை மழையை நம்பி மானாவாரியாக விதைத்தார்கள். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் இப்படியான சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. செய்திகளில் வருவது பெருங்குளங்கள்தான். ஆனால் மழை ஒரு மாதம் பிந்தினால் முதலில் தரை தெரிவது சிறு குளங்களில். பெய்தால் முதலில் வான், அதாவது மிகைத்தண்ணீர் வழியும் இடம், பாய்வதும் அவைதான். பெருங்குளத்துக்காரருக்கு ஒரு போகத்துத் தண்ணீரை அடுத்த போகத்துக்கு வைத்திருக்க வழி உண்டு. இவர்களுக்கு அது கிடையாது.

இரண்டு தரம் விதைத்த ஆண்டு

புழுதி விதைப்பு என்பது ஒரு சூதாட்டம்தான். புரட்டாசியில் ஓரிரண்டு மழை விழுந்ததும் நிலத்தை உழுது, காய்ந்த புழுதிக்குள் நெல்லை விதைத்துவிடுவார்கள். ஐப்பசி மழை பிடித்தால் குளத்துத் தண்ணீரைத் தொடாமலே பயிர் ஒரு முழம் வளர்ந்துவிடும். பிடிக்காவிட்டால் முளைத்தது காயும்.

2016 இல் முளைத்தது காய்ந்தது. கார்த்திகையில் இன்னொரு தூறல் வர, அண்ணை கடனுக்கு விதைநெல் வாங்கி மறுபடி விதைத்தார். அதுவும் போயிற்று. நாடு முழுவதுமே அப்படித்தான்: 2016 இல் சுமார் 44 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல் 2017 இல் சுமார் 24 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எல் நினோ (பசிபிக் சமுத்திரம் வழமையைவிடச் சூடாவது) என்றால் வரட்சி என்று பத்திரிகைகளில் படித்துப் பழகிவிட்டோம். நமது காலபோகத் தொடக்கத்துக்கு அது பெரும்பாலும் மறுபக்கம். எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி கார்த்திகை மழை கூடுதலாகப் பெய்வதே வழக்கம், லா நினா (அதே சமுத்திரம் குளிர்ந்து கிடக்கும்) ஆண்டுகளில் குறையும். 2016 இல் இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் வழமையைவிடச் சூடாகவும் மேற்குப் பக்கம் குளிர்ந்தும் கிடந்தது. அந்த ஆண்டின் லா நினாவோடு அதுவும் சேர்ந்து நமது மழையைக் குறைத்துவிட்டது. இந்தியச் செய்தியைக் கேட்டுவிட்டு "இந்த முறை எல் நினோவாம், விதைக்காதே" என்று ஊரில் ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். முன்னறிவிப்பு வருகிறது, ஆனால் யாருக்கு எழுதிய முன்னறிவிப்பு என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2017 தையில் மூன்று பவுண் சங்கிலி அடகுக்குப் போனது. மகளுக்கென்று எடுத்து வைத்த சங்கிலி. சீட்டின் பின்பக்கம்: "மழை இல்லை". அந்தக் காசு சாப்பாட்டுக்குப் போகவில்லை, முதல் விதைப்புக்கும் இரண்டாம் விதைப்புக்கும் பட்ட கடனை அடைக்கப் போனது. சாப்பாட்டுக்கு அக்கா வேறு வழி பார்த்தார். பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்து நுண்கடன் எடுத்தார். ஊரில் இதற்குப் பெயர் கிழமைக் கடன், ஒவ்வொரு கிழமையும் வீட்டு வாசலுக்கு வந்து வாங்குவார்கள். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்த வெட்கத்துக்காக 2018 வைகாசியில் தோட்டையும் வைத்துத் தவணையைக் கட்டி முடித்தார்.

இரண்டு மாதம் கழித்து அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்கள் தள்ளுபடி. ஆனால் 2018 ஆனி முடிவில் மூன்று மாதமோ அதற்கு மேலோ தவணை கட்டாமல் இருந்தவர்களுக்குத்தான் அது. தோடு வைத்துக் கட்டியவருக்கு இல்லை. இதை அக்கா கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பச்சையாக நின்ற சப்பி

2018/19 போகம் நன்றாகத் தொடங்கியது. ஐப்பசித் தொடக்கத்தில் விதைத்த மூன்றரை மாத நெல், பி.ஜி. 352. மார்கழியில் அது பூக்கும் பருவம். டிசம்பர் 21 இரவு தொடங்கிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. அந்த மாதத் தொடக்கத்தில்தான் புனரமைத்த இரணைமடுவைத் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் அதன் கதவுகளை எல்லாம் திறக்க வேண்டி வந்தது.

அக்காவின் வயலில் நாலு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பயிர் பச்சையாகத்தான் நின்றது. பக்கத்துப் பள்ளத்தில் இளம் பயிர் வைத்திருந்தவர்களுடையது அழுகிவிட்டதால் அவர்கள் சேதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "எங்கட நிண்டதுதானே தம்பி. நிக்கிற பயிரைச் சேதம் எண்டு எப்பிடி எழுதிக் குடுக்கிறது?" என்றார் அண்ணை. அவர்கள் விண்ணப்பிக்கவில்லை.

தை கடைசியில் நான் அந்த வயலில் நின்றேன். தூரத்தில் பார்த்தால் பொன்னிறம். அண்ணை ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். முக்கால்வாசி பறந்துபோனது. உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு மணிதான் மிச்சம். பூக்கிற நேரத்தில் தண்ணீருக்குள் இருந்த கதிரில் மணி பிடிக்கவில்லை, எல்லாம் சப்பி. நல்ல போகத்தில் ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டை எடுத்த வயல். அந்த முறை இரண்டு ஏக்கருக்கும் சேர்த்துப் பதினாறு. வெட்டு மெசின்காரருக்கு ஏக்கர்க் கூலி மட்டும் குறையவில்லை, சப்பியையும் நெல்லையும் ஒரே விலைக்குத்தான் வெட்டுவார்கள்.

சங்கிலியை மீட்க வைத்த நம்பிக்கை அந்தப் போகத்தின் மேல் இருந்தது. வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தார்கள். பின்பக்கத்தில் ஒரே சொல்: "சப்பி".

நான் இந்த ஆய்வில் கண்டதில் முக்கியமானது இந்தச் சீட்டுதான் என்று நினைக்கிறேன். வரட்சி ஒன்றை இந்த வீடு தாங்கியது. வெள்ளம் ஒன்றையும் தாங்கியிருக்கும். முதலாவதற்கு வைத்த நகை மீள முன்னர் இரண்டாவது வந்துவிட்டது. எவ்வளவு மழை பெய்தது என்று மில்லிமீற்றரில் கேட்கிறோம், போன அடிக்கும் இந்த அடிக்கும் இடையில் எத்தனை மாதம் என்று கேட்பதில்லை.

வானுக்கு மேல் மூட்டை

அடுத்தது வீட்டுக்கதை இல்லை, ஊர்க்கதை. ஆனால் இதைச் சொல்லாமல் வீட்டுக்கதை விளங்காது.

குளம் தூர்ந்து போனதால் வெயில்கால நெற்போகமான சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது. தண்ணீர் காணாத ஆண்டில், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பங்கு பிரிப்பார்கள்: துருசுக்குக் கிட்ட இருக்கும் வயல்களில் மட்டும் விதைப்பது, எல்லாருக்கும் அதில் ஒரு துண்டு. இரண்டு ஏக்கர்க்காரருக்கு அரை ஏக்கர் கிடைக்கும். பழைய ஒழுங்கு, இன்னும் சண்டை பிடித்துக்கொண்டே பின்பற்றுகிறார்கள். அது போதாமல், மார்கழி கடைசியில் மழை ஓயும்போது வானுக்கு மேல் மண்மூட்டை அடுக்கி ஓர் அடி ஒன்றரை அடி தண்ணீரைக் கூடப் பிடிப்பதும் உண்டு.

ஓர் அடி தண்ணீர் கூடினால் இன்னும் பத்துப் பேருக்குச் சிறுபோகம். ஆனால் குளத்தின் மறுபக்கம் அலைகரையில், அதாவது தண்ணீர் ஏறினால் மூழ்கும் கரையில், காணி இல்லாதவர்கள் விதைத்திருக்கிறார்கள், அவர்களுடைய பயிர் மூழ்கும். மூட்டை அடுக்கிய பிறகு தையில் எதிர்பாராத மழை வந்தால் கட்டுக்கே ஆபத்து. 2021 தையில் அப்படி ஒரு மழை இரவில் பிடித்தது. அண்ணை, மகன், இன்னும் பதினைந்து பேர் டோர்ச் லைட்டோடு போய்த் தாங்கள் அடுக்கிய மூட்டைகளைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். மகன் சொன்னது: "அடுக்கேக்க எல்லாரும் வந்தவை. வெட்டேக்க பள்ளக்காணிக்காரர்தான் வந்தவை."

வரட்சிக்குச் செய்கிற உபாயம் வெள்ளத்துக்கு வழி திறக்கிறது என்பதை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். தூர் வாரினால் இந்தப் பிரச்சினை பாதி குறையும் என்பதையும் அறிவார்கள். வாரிய மண்ணை எங்கே கொட்டுவது, யார் கொண்டுபோவது என்பதில் ஒவ்வொரு கூட்டமும் முடிந்துவிடுகிறது.

உழுந்தும் எண்ணெயும் மாடும்

2021 பங்குனியில் சங்கிலியும் தோடும் மீண்டன. மீட்டது நெல் அல்ல, உழுந்து. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உழுந்து விலை ஏறியிருந்த காலம் அது. மேட்டுக்காணியின் முக்கால் ஏக்கர் இரண்டு ஏக்கர் வயலைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. இந்தக் குடும்பம் காலநிலைக்கு ஏற்ப மாறியது என்று ஒரு அறிக்கையில் எழுதலாம்தான். உண்மையில் கொழும்பில் எடுத்த முடிவு ஒன்று அந்த முறை இவர்கள் பக்கம் விழுந்தது.

அடுத்த முடிவு எதிர்ப்பக்கம் விழுந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் தடையை எடுத்தாலும் அந்தக் காலபோகத்துக்கு யூரியா வந்து சேரவில்லை. மாட்டெருவும் கிளிசறியா இலையும் போட்டு ஏக்கருக்குப் பதினொரு மூட்டை எடுத்தார்கள். நெல் விலை ஏறியதால் அந்த ஆண்டு அடகு இல்லாமல் தப்பியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது. பம்பி வைத்து மிளகாய்க்குத் தண்ணீர் இறைப்பவருக்கு அது ஒரு வரட்சிதான், கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும். சங்கிலி மறுபடி போனது, பின்பக்கம் "எண்ணெய்". ரூபா விழுந்து தங்கம் ஏறியிருந்ததால் அதே சங்கிலிக்கு முன்னையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காசு கொடுத்தார்கள். கொடுத்ததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். மீட்பது எவ்வளவு கடினம் என்று அப்போது யோசிக்கவில்லை என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

மாடுகள் இருக்கின்றன என்ற துணிவில்தான் எடுத்தது. அப்போது ஒன்பது மாடு. இரண்டை விற்றால் மீட்டுவிடலாம். டிசம்பரில் மாண்டூஸ் புயல் வந்தது. இங்கே மழை பெரிதாக இல்லை, குளிர். காற்றோடு சேர்ந்த அப்படி ஒரு குளிரை வன்னி மாடுகள் அறியா. காலபோகம் என்பதால் மாடுகளை வயலை விட்டு அகற்றிக் காட்டோரப் பட்டியில் அடைத்திருந்தார்கள், மேலே கூரை இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடு ஆடுகள் செத்தன. இவர்களுடைய பட்டியில் நாலு. காலையில் அண்ணை போனபோது இரண்டு கன்றுகள் தாய் மாட்டின் வயிற்றோடு ஒட்டியபடி விறைத்துக் கிடந்தன. தாய் உயிரோடு நின்றது.

வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் மாடு காப்பு என்று நாம் எழுதுவோம். மாட்டுக்கு எது காப்பு என்று நான் எழுதிய எந்த அறிக்கையிலும் இல்லை.

வயல் இல்லாத வீடு

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஊரில் இன்னொரு வீடு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அரை ஏக்கர் மேட்டுக்காணி, குளத்தின் கீழ் பங்கு இல்லை. கூட்டத்துக்குப் போகலாம், கை உயர்த்த முடியாது. வெட்டு மெசின் வந்த பிறகு அறுவடைக் கூலி போய்விட்டது. களை பிடுங்கல், கச்சான் பிடுங்கல், வரட்சி முற்றும்போது வற்றுகிற குளத்தில் மீன், பருவத்தில் காட்டில் பாலைப்பழம் பொறுக்கி வீதியோரம் விற்பது, இவைதான் வருமானம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலின் மழையில் ஊர் ஒரு கிழமை தண்ணீருக்குள் நின்றது. அக்காவின் பள்ளக்காணி ஒரு ஏக்கர் அழுகியது. கைக் காப்பை அடகு வைத்து விதை வாங்கி மூன்று மாத நெல்லை மறுபடி விதைத்தார். இந்த முறை எழுதிக் கொடுத்தார், பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா என்ற கணக்கில் நட்டஈடும் பிந்தி வந்தது. ஏக்கருக்கு உழவு தொடங்கி அறுவடை வரை ஓர் இலட்சம் தாண்டும் என்பது அண்ணையின் கணக்கு. போதாது, ஆனால் வந்தது. வயல் இல்லாத வீட்டில் மூன்று கிழமை கூலி இல்லை. அது எந்தப் படிவத்திலும் சேதம் இல்லை, ஏனென்றால் அழுகியது எதுவும் அவர்களுடையது இல்லை. அந்த வீட்டுப் பெண் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அவங்க திரும்ப விதைப்பாங்களா?" என்பது. விதைத்தால் களை பிடுங்கக் கூப்பிடுவார்கள்.

ரின்னின் அடியில்

2025 மாசியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தது. 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லுக்கு. காயவிட இவர்களுக்கு இருக்கும் இடம் வீட்டு முற்றமும் வீதியோரமும்தான், வானம் இருட்டினால் படங்கு போட்டு மூட வேண்டும். பாதியை ஈரநெல்லாக வயலடியிலேயே லொறிக்கு விற்றார்கள்.

இந்தப் பத்துப் போகத்தில் வீட்டைத் தொடர்ந்து தாங்கியது என்ன என்று கணக்குப் பார்த்தேன். நெல்லுமில்லை, மாடுமில்லை. மகளின் மாதச் சம்பளம். மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் ஒவ்வொரு மாதமும் வந்த ஒரே காசு அது. சங்கிலியின் வட்டி அதில் இருந்துதான் போகிறது. அதாவது தன்னுடைய சீதனச் சங்கிலிக்கு அவளே வட்டி கட்டுகிறாள். இருபத்தாறு வயது. கலியாணப் பேச்சு இரண்டு தரம் வந்து, சங்கிலி மீளட்டும் என்று தள்ளிப்போனது. நான் இதைக் கேட்டபோது அவள் தன் போனைப் பார்த்தபடி, "அம்மாட்ட கேளுங்கோ" என்றாள். அம்மாவிடம் கேட்கவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். இந்த முறை மழை தொடங்க முன்னமே ஊரார் வானைச் சுத்தமாக்கி வைத்திருந்தார்கள், கட்டு தாங்கியது. பள்ளக்காணி மறுபடி மூழ்கியது. ஆனால் போன முறை போல விதை வாங்க ஓட வேண்டியிருக்கவில்லை. 2024 இல் பட்டது போதும் என்று, அறுவடையில் நாலு புசல் மூன்று மாத நெல்லைத் தனியாகக் காயவைத்து, வேப்பிலை போட்டு, யாரும் கை வைக்காதபடி படுக்கை அறையில் கட்டி வைத்திருந்தார் அக்கா. இரண்டு புசலைத் தான் விதைத்தார். இரண்டைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்தார். அறுத்ததும் விதையாகவே திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு. களை பிடுங்க வயல் இல்லாத வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

தையில் போனபோது பள்ளத்தில் பயிர் ஒரு சாண் உயரம் நின்றது. ரின்னைத் திறந்து காட்டினார். உழவுக்கும் உரத்துக்கும் தோடு போயிருந்தது, புதுச் சீட்டு மேலே கிடந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஒண்டும் எழுதேல்லையே அக்கா?"

"அறுத்து முடியட்டும் தம்பி. என்ன எழுதுறது எண்டு இன்னும் தெரியாதே."